சளி பிடித்த குழந்தையும் பால் சங்கும்

நாஞ்சில் நாட்டுக்கு ஆண்டில் இரு மழைக்காலங்கள். இடவப்பாதியில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை ஆடிச் சாரலாக நீளும்; ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. இரண்டிலும் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான்.

சென்ற ஆடியில், மூன்று மாதமே ஆன என் பேத்திக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. மார்பில் வாய் வைப்பாள். நான்கு மடக்கு குடித்ததும் விலகி அழுவாள். "பசியில்லை போலும், சங்கில் எடுத்துப் புகட்டிவிடுங்கள்" என்றார் பார்க்க வந்த மூதாட்டி. நானும் சங்கைக் கழுவி எடுத்தேன். அதைக் கீழே வைக்கச் செய்தவர் எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர்.

குழந்தைக்குப் பசியில்லாமல் இல்லை, மூச்சு போதவில்லை. முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிக்கின்றன. மூக்கு அடைத்தால் பாலா, மூச்சா என்று ஒன்றைத்தான் அவை தேர்ந்தெடுக்க முடியும். ஆர்.எஸ்.வி. போன்ற தீநுண்மிகள் நுரையீரலின் நுண்குழல்களை வீங்கச் செய்யும்போது மூச்சு மேலும் விரைகிறது. உறிஞ்சுதல், விழுங்குதல், சுவாசித்தல் என்னும் மூன்றின் தாளமும் தவறுகிறது. அந்த நேரத்தில் படுக்கவைத்து வாயில் ஊற்றினால், பால் மூச்சுக்குழலுக்குள் போகலாம். சங்கின் மீது பழியில்லை; குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பாலாடையால் புகட்டுகிறார்கள். வற்புறுத்தி ஊற்றுவதுதான் கேடு.

பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு, மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டுச் சளியைத் துடைத்தோம். தலை உயர்ந்திருக்கும்படி ஏந்தி, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்தாள் மருமகள். அவளுக்கும் சளி இருந்தது; ஆனாலும் நிறுத்தவில்லை. தாய்ப்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் உள்ளன. கை கழுவி, முகக்கவசம் அணிந்தால் போதும். ஆறு மாதத்துக்குள் தண்ணீரோ, ஓராண்டுக்குள் தேனோ கூடாது. கற்பூரவல்லிச் சாற்றில் தேன் குழைத்துத் தரும் நம் வழக்கத்தை இங்கே விட்டுத்தான் ஆகவேண்டும்.

மார்பில் குடிக்கும் பாலை அளக்க முடியாது. நனையும் துணிகளை எண்ணலாம். வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகக் குடித்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ காத்திருக்கக் கூடாது. குழந்தை அமைதியாக இருக்கையில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60-ம், அதன்பின் ஓராண்டு வரை 50-ம் அதற்கு மேலும் இருந்தால் விரைவு மூச்சு என்கிறது உலக சுகாதார அமைப்பு. மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே உள்வாங்குதல், முனகல், உதடு நீலம் பூத்தல், எழுப்பியும் குடிக்காத சோர்வு, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மருத்துவமனையில் மூக்கு வழியே மெல்லிய குழாய் இட்டுப் பால் செலுத்துவார்கள் என்றதும் அஞ்சி, பிள்ளையை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகும் பெற்றோர் உண்டு. மூச்சுக்குச் செலவாகும் தெம்பை மிச்சப்படுத்தும் வழி அது. மூச்சு சீரானதும் எடுத்துவிடுவார்கள்.

என் பேத்தியின் மூச்சு அன்றிரவு 44. ஐந்தாம் நாள் விலகாமல் குடித்தாள். இருமல் மட்டும் இன்னும் இரண்டு வாரம் நீடித்தது.