தாய்வீடு போகையில் அட்டையும் கூட வரட்டும்

தொரப்பள்ளித் தம்பதியரே!

நாள் தள்ளிப்போனால் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள். 12 இலக்க எண்ணும் அட்டையும் கிடைக்கும். ரத்த அழுத்தம், எடை, தடுப்பூசி எல்லாம் அந்த எண்ணில் ஏறும். செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஓசூர் ஆஸ்பத்திரியும் ஒரே கணக்கைப் பார்த்து வேலை செய்வார்கள்.

“பிரசவத்துக்கு ஆனேக்கல் அம்மா வீட்டுக்குத்தானே போறோம், அட்டை எதுக்கு?” என்று விட்டுவிடாதீர்கள். எல்லை தாண்டினால் அங்குள்ள டாக்டருக்கு உங்களைத் தெரியாது. ரத்தச் சத்து 11 கிராமுக்குக் கீழே இருந்தது என்பதை அட்டைதான் சொல்லும்.

கணவன்மார்களே! ஊருக்கு அனுப்புமுன் செவிலியரிடம் சொல்லுங்கள். பிள்ளை பிறந்ததும் தகவல் கொடுங்கள். தடுப்பூசி நாள் தவறாது. அவசரத்துக்கு 108, எல்லையின் இரு பக்கமும் உண்டு.

தாயும் சேயும் நலமே வீடு திரும்பட்டும்!