ஒரு தீக்குச்சியும் நாலு டயரும்

டயர் கடைக்குப் போகுமுன் அடுப்படியிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போங்கள். டயரைச் சுற்றி ஓடும் பெரிய பள்ளத்துக்குள் குச்சியைப் படுக்கவைத்து, மேலால் விரலை ஓட்டிப் பாருங்கள். குச்சி விரலில் படாமல் ஆழத்தில் கிடந்தால் இன்னும் கொஞ்சக்காலம் ஓடலாம். விரலில் தட்டுப்பட்டால் பள்ளத்தில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்தான். அந்தக் கார் இந்த மாரிக்கு ஆயத்தமாக இல்லை.

வாழைச்சேனைக்காரருக்கு மாரியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி கடைசியில் தொடங்கினால் தை வரைக்கும் வானம் விடாது. தெற்கே கிரான், செங்கலடி வழியாக மட்டக்களப்புக்குப் போனாலும், வடக்கே வாகரைப் பக்கம் போனாலும், மேற்கே புணானை தாண்டிப் பொலன்னறுவைக்குப் போனாலும் இரண்டு கரையிலும் வயலும் வில்லும் தண்ணீருமாகத்தான் இருக்கும். வீதி இப்போது நேராகவும் வழுவழுப்பாகவும் கிடப்பதால் 80 இல் போவதே தெரிவதில்லை. தெருவில் தேங்கிய தண்ணீரை அந்த வேகத்தில் பக்கவாட்டில் தள்ளிவிடுவதுதான் டயர்ப் பள்ளத்தின் வேலை. பள்ளம் ஆழமில்லாவிட்டால் தண்ணீர் போக இடமின்றி டயரைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிட்டதே என்று ஓட்டுபவர் நினைக்கிற அந்த நொடியில் கார் தெருவில் இல்லை, தண்ணீரின் மேல் மிதக்கிறது.

புதுக் கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 7 அல்லது 8 மில்லிமீற்றர். பள்ளத்தின் அடியில் இடைக்கிடை குறுக்கே சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. பல நாடுகளில் சட்டத்தின் எல்லையும் அதுதான். ஆனால் ஈரத் தெருவில் பிடிமானம் அதற்கு முன்னமே, 3 மில்லிமீற்றர் அளவிலேயே குறையத் தொடங்கிவிடும். கோடையில் மட்டும் ஓடும் காருக்கு 1.6 கணக்கு சரி. மாரியிலும் ஓடும் காருக்கு 3 என்றே நான் கணக்கு வைப்பேன்.

இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு விலைக்கு வருவோம். டயர் விலை ஏறிவிட்டது என்பதால் இப்போது பலருடைய கண் போவது பாவித்த டயரின் பக்கம். புதிதின் பாதி விலை, 'நல்ல கொம்பனி டயர், இன்னும் பூ இருக்கு' என்பார்கள். தீக்குச்சி இரண்டு அடுக்களவுக்குப் பள்ளம் இருக்கும், அதாவது 4 மில்லிமீற்றர். புதுசில் பாதி, விலையும் பாதி, நியாயந்தானே என்று தோன்றும். கணக்கு அப்படி வராது. 8 மில்லிமீற்றர்ப் புது டயரில் 3 வரைக்கும் நீங்கள் பாவிக்கக்கூடியது 5 மில்லிமீற்றர். 4 மில்லிமீற்றர் மிஞ்சிய பழைய டயரில் பாவிக்கக்கூடியது வெறும் 1. ஐந்திலொரு பங்குச் சரக்குக்குப் பாதி விலை கொடுக்கிறீர்கள். 1.6 வரைக்கும் ஓட்டித்தான் தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தாலும் 6.4 க்கு எதிரே 2.4 தான், மூன்றிலொன்றுக்குச் சற்றுக் கூட. பழைய டயர்தான் விலை கூடிய டயர்.

பெயர்பெற்ற கொம்பனியின் பாவித்த டயரா, பெயர் கேள்விப்படாத கொம்பனியின் புது டயரா என்று என்னிடம் கேட்டால், தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். பாவித்த டயர் எந்தக் குழியில் விழுந்தது, காற்றில்லாமல் எத்தனை கிலோமீற்றர் உருண்டது, உள்ளே நூல் அறுந்திருக்கிறதா என்பதெல்லாம் வெளியில் தெரியாது. விற்கிறவருக்கும் தெரியாது.

விலை ஏன் இப்படி ஏறியது? இந்த நாட்டில் இறப்பர் இல்லையா என்று கேட்காத ஆளில்லை. கேள்வி நியாயமானது. ஆசியாவில் இறப்பர்ச் செய்கைக்கு முதற்படி எடுத்த இடங்களில் ஒன்று கம்பஹாவின் ஹெனரத்கொடத் தோட்டம். பிரேசிலின் விதை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876 இல் கன்றாக அங்கே வந்தது. 1952 இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் போட்ட நாடு இது. இன்றைக்கும் போர்க்லிப்ட் போன்ற பார வண்டிகளுக்கான திண்ம டயரை உலகத்துக்கு ஏற்றுமதி செய்வதில் இலங்கை முன்னணியில் நிற்கிறது. ஆனால் போர்க்லிப்டுக்குப் போடும் டயரை உங்கள் வேகன் ஆருக்குப் போட முடியாது. உள்ளூரில் காற்றடைத்த டயர் செய்யும் பெரிய ஆலை களனியில் இருக்கிற சியட் களனி. நாட்டின் தேவையில் ஏறக்குறைய பாதியைத் தானே நிரப்புவதாக அந்நிறுவனம் சொல்கிறது. ஓட்டோவின் 4.00-8 அளவு டயரெல்லாம் உள்நாட்டிலேயே செய்யப்படுகிறது.

உள்நாட்டில் செய்தாலும் விலை டொலரோடுதான் ஏறி இறங்கும். கார் டயரில் இயற்கை இறப்பர் ஒரு பங்குதான். செயற்கை இறப்பரும் கரித்தூளும் கச்சா எண்ணெயின் வழி வருபவை. உருக்குக் கம்பி, நைலோன் நூல் எல்லாம் டொலரில் வாங்குபவை. இயற்கை இறப்பரும் முன்னைப்போல் இல்லை. 2012 இல் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் தொன் எடுத்த நாடு, 2023 இல் அதில் பாதிகூட எடுக்கவில்லை. 2019 முதல் பரவிய இலை விழும் நோய் ஒரு காரணம். பால் வெட்ட ஆள் கிடைக்காதது இன்னொன்று.

ரூபாய்க் கணக்கைப் பார்ப்போம். துறைமுகத்தில் 30 டொலருக்கு வந்து இறங்கும் ஒரு டயரை உதாரணத்துக்கு எடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, வட் வரி 8 வீதம். 6,000 ரூபாயோடு வரி சேர்ந்தால் 6,480. அந்த மாதம் ரூபாயை மிதக்கவிட்டார்கள், டொலர் 360 வரை போனது. வட் வரி அதே ஆண்டில் 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. டொலர் 300 அளவுக்கு இறங்கிய பிறகு கணக்குப் போட்டாலும் 9,000 ரூபாயும் 18 வீத வரியும் சேர்ந்து 10,620. வெளிநாட்டில் டயரின் விலை ஒரு சதமும் ஏறாமலே இங்கே நூற்றுக்கு 64 ஏறிவிட்டது. சுங்கத் தீர்வை, 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்பு வரி, கப்பல் கூலி, கொழும்பிலிருந்து இங்கே வரும் லொறிக் கூலி, கடைக்காரரின் இலாபம் எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. ஆகவே விலை பழைய நிலைக்கு இறங்கட்டும், பிறகு பார்ப்போம் என்று மொட்டை டயரோடு காத்திருப்பதில் பிரயோசனம் இல்லை.

இனிக் கடைக்குள் போகலாம். டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தால் பாதிப் பேரம் முடிந்த மாதிரி. 155/65ஆர்14 75எஸ் என்று இருந்தால், அகலம் 155 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம், றிம்மின் விட்டம் 14 அங்குலம். 75 என்பது எடை எண், ஒரு டயர் 387 கிலோ தாங்கும். எஸ் என்பது வேக எல்லை, மணிக்கு 180 கிலோமீற்றர். நம் தெருவில் யாரும் 180 இல் போகப்போவதில்லை, அந்த எழுத்தைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. எடை எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். விசேடமாக வான் வைத்திருப்பவர்கள். ஆட்களை ஏற்றிக் கொழும்புக்கு இரவோடிரவாக ஓடும் ஹையேஸ் வான்களுக்கு உரிய டயரில் 107/105 என்று இருக்கும். 107 என்றால் ஒரு பக்கத்துக்கு ஒற்றை டயராகப் பூட்டுகையில் 975 கிலோ. அளவு பொருந்துகிறதே, விலையும் மலிவே என்று கார் டயரை அதில் பூட்டினால் வெயிலும் பாரமும் வேகமும் சேர்ந்து வெடிக்கவைக்கும்.

உங்கள் அளவு கையிருப்பில் இல்லாதபோது 155 க்குப் பதிலாக 165/65ஆர்14 போடலாம் என்பார் கடைக்காரர். பொய் இல்லை, றிம்மில் ஏறும். சில்லின் விட்டம் 557 மில்லிமீற்றரிலிருந்து 570 ஆகும், வேகமானி 60 காட்டும்போது உண்மையில் 61 க்கு மேல் போவீர்கள். அது பெரிய குற்றமில்லை. ஆனால் ஸ்டியரிங்கை முழுதாக முறிக்கையில் உள்ளே எங்காவது உரசுகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே அச்சில் இரண்டு விதமான டயர் போட மட்டும் சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது வயது. டிஓடி என்ற மூன்று எழுத்துக்குப் பின் நீளமாகப் போகும் வரியின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. டயரின் ஒரு பக்கத்தில் மட்டுந்தான் அது முழுதாக இருக்கும், குனிந்து மறுபக்கமும் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் செய்ததென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இரண்டு வருடம் கடையில் நிழலில் கிடந்ததென்றாலும் பரவாயில்லை, விலை குறைக்கக் கேட்கலாம். 'நானா, இது ரெண்டு வருசத்துச் சாமான், கடைசி விலை சொல்லுங்க' என்று சொல்ல அந்த நாலு இலக்கம் போதும். நாலைந்து வருடம் தாண்டியதைப் புதுசு என்று விற்றால் வெளியே வந்துவிடுங்கள். டயர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இறப்பர் முற்றும். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பரிசோதிக்கச் சொல்வதும், பத்து வருடமானால் பள்ளம் இருந்தாலும் கழற்றிவிடச் சொல்வதும் பெரிய கொம்பனிகளின் வழக்கம். வாரத்துக்கு ஒருமுறை பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ மட்டும் போய்வரும் காரின் டயர் தேய்ந்து முடியாது. முற்றித்தான் முடியும். முற்றத்து வெயிலில் நிற்கும் காருக்கு அது இன்னும் கெதியில் வரும்.

ஜப்பானிலிருந்து வந்த வண்டியென்றால் இன்னொன்றையும் பாருங்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய பிறகு ரீகண்டிஷன் கார்கள் திரும்பவும் வருகின்றன. சிலவற்றில் பனிக்கால டயர் அப்படியே கிடக்கும். பக்கச் சுவரில் மலையும் அதற்குள் பனிப்பூவும் வரைந்திருக்கலாம். பள்ளம் ஆழமாகவும் புதுசு போலவும் தெரியும். ஆனால் அது ஐஸ் தெருவுக்கான மென்மையான இறப்பர். பாசிக்குடா வெயிலில் அழிறப்பர் மாதிரிக் கரையும்.

ரீபில்ட் டயரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: லொறிக்கும் பஸ்ஸுக்கும் அது நல்ல தொழில்தான். தேய்ந்த மேற்பரப்பைச் சீவி, புதுப் பூவை ஒட்டி, சூட்டில் வேகவைத்து எடுக்கிறார்கள். உள்ளே இருக்கிற உடல் பலமாக இருந்தால் நன்றாக உழைக்கும். பார வண்டி டயர் அதற்கென்றே தடிப்பாகச் செய்யப்படுவது. சின்னக் கார் டயருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

காசு நாலுக்கும் போதாவிட்டால் இரண்டாக வாங்குங்கள். புதியது இரண்டையும் முன்னுக்குப் பூட்டத்தான் எல்லோருக்கும் கை போகும், ஸ்டியரிங் முன்னுக்குத்தானே என்று. பின்னுக்குப் பூட்டுங்கள். ஈரத்தில் முன் சில்லு வழுக்கினால் கார் நேரே போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சில்லு வழுக்கினால் கார் சுழலும், சமாளிக்க நேரம் தராது. கழற்றிய பழைய டயரைத் தூக்கி எறியுமுன் ஒருதரம் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் எலைன்மென்ட் பிழை. அதைச் சரிசெய்யாமல் புது டயர் பூட்டினால் அதையும் அப்படியே தின்றுவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்றுக் கூட.

காற்றைச் சரியாக வைப்பதற்குச் செலவில்லை. ஆனால் எவ்வளவு அடிப்பது என்று டயரைப் பார்க்காதீர்கள், அதில் எழுதியிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பான் எழுத்தாக இருந்தாலும் எண் எல்லோருக்கும் பொது. 230 என்றிருந்தால் அது கிலோபாஸ்கல். 6.9 ஆல் பிரித்தால் 33 பீஎஸ்ஐ. 240 என்றால் 35. காலையில், சில்லு சூடாகுமுன் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று குறைந்துகொண்டே போனால் ஆணி குத்தியிருக்கத் தேவையில்லை. உப்புக்காற்றுப் படும் வாவிக்கரையில் இரும்பு றிம்மின் விளிம்பு துருப்பிடிக்கும், டயர் உட்காருகிற அந்த இடத்தால் காற்று மெல்ல மெல்லப் போகும். புது டயர் பூட்டும் நாளில் அந்த விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டித் துடைக்கச் சொல்லுங்கள். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், அதற்குப் போகிற காசு பெரிசில்லை.

பில் வாங்காமல் வராதீர்கள். அதில் டயரின் பெயர், அளவு, அந்த நாலு இலக்கம் மூன்றையும் எழுதுவியுங்கள். பிறகு பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற எண்ணில் முறையிட அது வேண்டும்.

காரை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் பின்பெட்டியைத் திறந்து ஸ்பெயார் சில்லையும் வெளியே எடுங்கள். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத சில்லு அது, காற்று பாதியாவது இருக்கிறதா என்று பாருங்கள். புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில், யானை கடக்கிற அந்த இருட்டில் இறங்கி நின்று பார்ப்பதைவிட டயர் கடை வாசலில் பார்ப்பது இலேசு.