உப்புக்கு ஒரு கணக்கு, சீனிக்கு ஒரு கணக்கு

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கரையில் 1850களில் இருந்து உப்பு விளைவிக்கிறார்கள். டம்பாட்டன் பாலத்தால் போகும்போது உப்பளப் பாத்திகளைக் கண்டால் எம்மில் பலருக்கு ஆனையிறவு நினைவுக்கு வரும். இரண்டு இடத்திலும் வெயில் கடல்நீரை வற்றவைக்க மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டுதான்.

எமது பிள்ளைகள் இங்கே 'அயோனிக், கோவேலன்ட்' என்று படிப்பதை ஊரில் அயன் பிணைப்பு, பங்கீட்டு வலுப்பிணைப்பு என்று படித்தோம். வர்த்தகம் படித்த எனக்கு அது விளங்கியது கணக்கேட்டின் வழியாகத்தான்.

சோடியத்துக்கு 11 இலத்திரன்கள்: 2, 8, 1 என்ற ஒழுங்கு. குளோரினுக்கு 17: 2, 8, 7. வெளி ஓட்டில் எட்டு இருப்பது உறுதியான நிலை. சோடியம் ஒன்றைக் கொடுக்கிறது, குளோரின் வாங்குகிறது. கொடுத்தது நேரேற்றம் பெறும், வாங்கியது மறையேற்றம் பெறும். பிணைப்பு என்பது இந்தக் கொடுக்கல் வாங்கல் அல்ல. அதன் பின் எதிரெதிர் ஏற்றங்களுக்கு இடையே வரும் கவர்ச்சி. பலர் பிழைவிடும் இடம் இது. உப்பில் சோடியமும் குளோரினும் சோடி சோடியாக இருப்பதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்திருக்கும். குளோரைட்டைச் சுற்றியும் அப்படியே ஆறு சோடியம். உப்புப் பளிங்கு சதுரமுகியாக இருப்பதும், அதை உருக்க 801 பாகை செல்சியஸ் தேவைப்படுவதும் இதனால்தான்.

சீனியில் உள்ள காபனுக்கு வெளி ஓட்டில் நான்கு இலத்திரன்கள். நான்கைக் கொடுப்பதும் கடினம், வாங்குவதும் கடினம். ஆகவே கூட்டுக்கணக்கு. இரண்டு அணுக்களும் ஒவ்வொரு இலத்திரனைப் போட, அந்தச் சோடி இருவர் ஏட்டிலும் முழுதாக எழுதப்படும். கணக்காய்வாளர் இதை விடமாட்டார், இயற்கை விடுகிறது.

இந்தச் சோடியே பிணைப்பு என்று 1916இல் எழுதியவர், அதே விரிகுடாவின் கிழக்குக் கரையில் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் இருந்த கில்பேர்ட் லூயிஸ். பிள்ளைகள் புள்ளி வைத்து வரையும் 'லூயிஸ் கட்டமைப்பு' அவருடைய பெயரில்தான். அதே ஆண்டு ஜேர்மனியில் வால்ற்றர் கொசல் அயன் பிணைப்பை விளக்கினார். 'கோவேலன்ஸ்' என்ற சொல்லை 1919இல் தந்தவர் ஏர்விங் லாங்மியூர்.

இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை என்பதையும் லூயிஸ் கண்டார். பங்கு எப்போதும் சரிபாதி அல்ல. நீரில் ஒட்சிசன் பொதுச்சோடியைத் தன் பக்கம் கூடுதலாக இழுக்கும். அதனால் ஒட்சிசன் பக்கம் சிறிது மறையேற்றம், ஐதரசன் பக்கம் சிறிது நேரேற்றம். இந்த ஏற்றங்களால்தான் நீர் உப்பின் அயன்களைச் சூழ்ந்து பிரித்தெடுக்கிறது.

சீனியும் கரையும், ஆனால் அதன் மூலக்கூறு உடையாது. எனவே உப்புநீர் மின்னைக் கடத்தும், சீனிநீர் கடத்தாது.

பிள்ளை வரைவிலக்கணத்தை ஒப்புவித்தால் போதாது. அடுத்தமுறை ஒரு கோப்பையில் உப்பையும் மற்றதில் சீனியையும் கரைத்துவிட்டு, "எதில் பிணைப்பு விட்டது, எதில் விடவில்லை?" என்று கேளுங்கள். காரணத்தோடு பதில் வந்தால் பாடம் விளங்கிவிட்டது. வராவிட்டால், ஊரில் படித்த சொற்களிலேயே நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம்.