பிறை தெரிந்தால் பணம் பெருகுமா?

பொங்கல் விடுமுறைக்கு என் தாய்மாமா ஈராக்கின் பஸ்ரா நகரிலிருந்து அண்ணனூருக்கு வந்திருந்தார். பெட்டியைத் திறந்து பேரீச்சம்பழமும் சோப்பும் எடுத்துக் கொடுத்தவர், கடைசியில் ஒரு நோட்டைக் காட்டினார். 25,000 தினார்! "ரமலான் முடியட்டும், அப்புறம் பார் இதன் மதிப்பை!" என்றார். உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னாராம். அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தையும் தினாராக மாற்றிவிடலாம் என்று யோசனை கூறினார். அந்தப் பணமோ அக்காவின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்திற்கு வைத்தது. இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. பொருளியல் ஆசிரியையிடம் கேட்டும், நூலகத்தில் தேடியும் நான் அறிந்ததைத் தோழியரோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாட்டின் நாணயத்திற்கு அரசோ மத்திய வங்கியோ டாலர் கணக்கில் ஒரு விலை வைத்திருந்தால், அதை உயர்த்துவது மதிப்பு உயர்வு. தாழ்த்துவது மதிப்புக் குறைப்பு. 1990-க்கு முன் ஒரு ஈராக் தினாரின் அதிகார விலை 3 டாலருக்கும் மேல். போரும் பொருளாதாரத் தடையும் வந்தன, நோட்டுகள் கணக்கின்றி அச்சாயின, மதிப்பு சரிந்தது. 2003-இல் புதிய நோட்டுகள் வந்தன. அன்றுமுதல், "பழைய விலை ஒரே இரவில் திரும்பிவிடும்" என்ற வதந்தி உலகைச் சுற்றி வருகிறது.

இதில் ரமலான் எங்கிருந்து வந்தது? நோன்பு மாதத்தில் அலுவலக நேரம் குறையும். பெருநாளுக்கு விடுமுறை உண்டு. ஆகவே "நோன்புக்கு முன் அறிவித்துவிடுவார்கள்" என்பார் சிலர். "பெருநாள் கழிந்ததும்தான்" என்பார் வேறு சிலர். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படுவது. அது சுமார் 354 நாட்களே கொண்டதால் ரமலான் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாட்கள் முன்னதாக வரும். நம் ஈஸ்டர் திருநாளும் நிலவைப் பார்த்தே நகர்கிறது. ஆனால் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் நின்றுவிடும். ரமலானோ எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும். வதந்திக்கு இது வசதி! இந்த ஆண்டு பொய்த்தால், அடுத்த பிறையைக் காட்டலாம் அல்லவா?

நடந்தவற்றைப் பாருங்கள். 2020 டிசம்பரில் ஈராக் தன் தினாரின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்குச் சுமார் 1,190 தினார் என்றிருந்தது 1,450-க்கு மேல் போயிற்று. அவ்வாண்டின் ரமலான் மே மாதத்திலேயே முடிந்திருந்தது. காரணம் பிறையன்று, எண்ணெய் விலை வீழ்ந்து அரசின் கஜானா வற்றியதே. 2023 பிப்ரவரியில் மதிப்பை உயர்த்தி, டாலருக்கு 1,300 என வைத்தார்கள். நோன்பு தொடங்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. உயர்ந்ததும் பத்தில் ஒரு பங்கு அளவே, ஆயிரம் மடங்கல்ல!

குவைத்தை உதாரணம் காட்டுவோரும் உண்டு. 1990 ஆகஸ்டில் ஈராக் படையெடுத்தபோது குவைத் தினார் செல்லாமற் போயிற்று. விடுதலைக்குப் பின் 1991 மார்ச்சில் புதிய நோட்டுகள் வெளியாகி, பழைய மதிப்பும் திரும்பியது. அது ரமலான் மாதமே! நோன்பு எந்த வேலையையும் நிறுத்தவில்லை. மதிப்பு திரும்பியதற்குக் காரணம், அந்தச் சிறிய நாடு வெளிநாடுகளில் சேர்த்து வைத்திருந்த பெருஞ்செல்வம்.

நம் நாட்டிலும் 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 4.76 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 7.50 ரூபாயாயிற்று. 1965 போரும் வறட்சியும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் காரணங்கள். வளைகுடாவுக்கென ரிசர்வ் வங்கி 1959 முதல் தனி ரூபாய் நோட்டு வெளியிட்டு வந்தது. அதைப் புழங்கிய கத்தாரும் துபாயும் அவ்வாண்டே ரூபாயைக் கைவிட்டன. முன்கூட்டி எவருக்கும் நாள் குறித்துத் தரவில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் அதற்குள் எல்லோரும் பணத்தை மாற்றிக்கொள்வார்களே! "எனக்குத் தேதி தெரியும்" என்பவரை நம்பலாகாது என்பதற்கு இதுவே போதும்.

ஒரு சிறு கணக்கும் போடுவோம். ஈராக்கில் வெளியிடப்பட்ட நோட்டுகள் ஏறத்தாழ 100 இலட்சம் கோடி தினார். ஒவ்வொன்றும் 3 டாலரானால் 300 இலட்சம் கோடி டாலர்! உலக நாடுகள் அனைத்தும் ஓராண்டில் உற்பத்தி செய்வதே அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதை யார் கொடுப்பது? இந்த ஆசையைக் காட்டித் தினார் விற்ற சிலரை அமெரிக்காவின் அட்லாண்டா நீதிமன்றம் 2018-இல் குற்றவாளிகள் எனக் கண்டது.

நோன்பு ஆசையை அடக்கக் கற்பிக்கும் காலம். ஏழைக்குக் கொடுக்கும் காலம். அதன் பெயரைச் சொல்லியே பேராசையை வளர்ப்பது எவ்வளவு முரண்!

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "சரிதான், அக்கா. பணத்தைக் கல்லூரியிலேயே கட்டிவிடு" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த நோட்டை எனக்கே கொடுத்துவிட்டார். இன்றைய விலையில் அது சுமார் 19 டாலர். என் பொருளியல் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருக்கிறேன்.