மொட்டை மாடி ஒழுகினால்: காரணம், பழுதுநீக்கம், சட்ட உரிமை

கான்கிரீட் தளம் கெட்டியாகத் தெரிந்தாலும் அதற்குள் நுண்துளைகள் உண்டு. பகல் வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் நாளடைவில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. அவற்றின் வழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதை விரைவுபடுத்துகிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. கூரையின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே வெடிப்பு விழுவதும், பழுப்புக் கறை படிவதும், தட்டினால் பொள்ளலாக ஒலிப்பதும் இதன் அறிகுறிகள். அடுத்த கட்டத்தில் காரை பெயர்ந்து விழும். மின்விசிறிக் கொக்கி வழியாக நீர் சொட்டினால் அந்த அறையின் மின் இணைப்பை உடனே நிறுத்த வேண்டும்.

நீர் புகும் இடம்

ஈரம் தெரியும் இடமும் நீர் புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடி, தட்டோடுகளின் இணைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கோடையிலும் ஓதம் குறையாவிட்டால் குழாயிலோ மேல்வீட்டுக் குளியலறையிலோ கசிவு இருக்கலாம். மாடியின் வடிகால் வாயை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் தேக்கி, 24 மணி நேரம் கவனிப்பது எளிய சோதனை. காரை ஏற்கெனவே பெயர்ந்த கூரையில் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

பழுதுபார்க்கும் முறை

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து வாட்டம் கொடுத்து, மேலே தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டில் நெடுங்காலப் பழக்கம். அந்தச் சுண்ணாம்புத் தளம் நீரில் ஊறியிருந்தால், ஓட்டின் மேல் எதைப் பூசினாலும் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். காயவிட்டோ, அப்புறப்படுத்தியோதான் வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் நீர் தேங்காதபடி வாட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். பின்னர் வெடிப்புகளை ‘வி’ வடிவில் கொத்திப் பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். விரிந்து சுருங்கும் வெடிப்புகளுக்கு நெகிழும் அடைப்பான் தேவை. மூலைகளைச் சரிவாகப் பூசி, வலைத்துணி பதித்து, நீர்க்காப்புப் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு முறை அடிக்க வேண்டும்.

கம்பி வெளியே தெரிந்தால், தளர்ந்த கான்கிரீட்டை நீக்கி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே கலவை வைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் அதைக் கட்டமைப்புப் பொறியாளரே பார்க்க வேண்டும். உள்ளே பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது கறையை மறைக்குமே தவிர, துருவை நிறுத்தாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், பிப்ரவரி முதல் மே வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

பொறுப்பு யாருடையது?

புதிய அடுக்குமாடி வீட்டில், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்பு மற்றும் வேலைத்தரக் குறைகளை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது கட்டுநரின் கடமை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3) இதைச் சொல்கிறது. தவறினால் இழப்பீடு கோரலாம். அதே சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதியில் சேர்ப்பதால், சங்கம் அமைந்த குடியிருப்பில் அதன் பராமரிப்பைச் சங்கத்திடம் கோரலாம். வாடகை வீட்டில், வாடகைதாரரால் நேர்ந்த சேதம் தவிர்த்த கட்டமைப்புப் பழுதுகளைத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது.

நீர்க்காப்பு வேலைக்கு அமர்த்தும் ஒப்பந்தக்காரரிடம் பரப்பளவு, பொருளின் பெயர், எத்தனை பூச்சு, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். உற்பத்தியாளரின் உத்தரவாதம் பெரும்பாலும் பொருளுக்கு மட்டுமே. கூலிக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். நீர் தேக்கும் சோதனை முடிந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது நல்லது. மீண்டும் ஒழுகினால் தேதியிட்ட படங்கள், ரசீதுகளுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை.