தெருவின் தோற்றமும் கணினியின் தீர்ப்பும்

வீடு வாங்க எண்ணும் நாம், பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெருவைப் பார்க்கிறோம். மாலையில் ஒருமுறை நடந்து சென்று, விளக்குகள் எரிகின்றனவா, குப்பை அள்ளப்படுகிறதா, ஆள் நடமாட்டம் உள்ளதா என்று கவனிக்கிறோம். சில நிமிடங்களில் மனம் ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுகிறது. இப்போது கணினியும் அத்தகைய தீர்ப்பை வழங்கப் பழகியுள்ளது. அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இங்கே காண்போம்.

சிகாகோவில் ஒரு முயற்சி

தெருப் படங்களைக் கொண்டு குற்றங்களை ஆராயும் முயற்சி, கணினி படங்களைப் படிக்கக் கற்பதற்கு முன்பே தொடங்கியது. 1995ஆம் ஆண்டில், சமூகவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ் ஆகியோரின் ஆய்வுக்காக, வீடியோ கேமராக்கள் பொருத்திய கார் ஒன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் 196 குடியிருப்புப் பகுதிகளில் மெதுவாக ஊர்ந்து சென்று தெருவின் இருபுறங்களையும் படம்பிடித்தது. குப்பை, சுவர்க் கிறுக்கல், கைவிடப்பட்ட வாகனம் போன்றவற்றை மனிதர்களே பார்த்துக் குறித்தனர்.

1999இல் முடிவு வெளியானது. சீர்கெட்டுத் தோன்றிய பகுதிகளில் குற்றம் மிகுந்திருந்தது. ஆயினும் அப்பகுதியின் வறுமையையும், அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நம்பித் துணைநிற்கும் தன்மையையும் கணக்கில் சேர்த்தபோது, வழிப்பறி நீங்கலாக அத்தொடர்பு பெரும்பாலும் மறைந்துபோனது. குப்பையும் குற்றமும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதே அவர்கள் கண்டது.

கணினி கற்கும் விதம்

2007இல் கூகுள் நிறுவனம் தெருக்காட்சிச் சேவையைத் தொடங்கியபின் படங்களுக்குப் பஞ்சமில்லை. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், நியூயார்க், பாஸ்டன் உள்ளிட்ட நகரங்களின் படங்களை இரண்டிரண்டாக இணையத்தில் காட்டி, எது அதிகப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது என்று பொதுமக்களைக் கேட்டனர். அவ்விடைகளைக் கொண்டு, நிகில் நாயக் முதலானோர் 2014இல் 'ஸ்ட்ரீட்ஸ்கோர்' என்ற கணினி நிரலை உருவாக்கினர். எத்தகைய படங்களுக்கு மக்கள் உயர்ந்த மதிப்பு அளித்தனர் என்பதைக் கற்றுக்கொண்ட அந்நிரல், புதிய படங்களுக்குத் தானே மதிப்பெண் இட்டது. இவ்வாறு அமெரிக்காவின் 21 நகரங்களுக்கு வரைபடங்கள் உருவாயின.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நிரல் அளந்தது குற்றத்தை அன்று. பார்ப்போரின் மனத்தில் எழும் அச்சத்தையே. அச்சமோ எப்போதும் நடுநிலையானதன்று. சாம்ப்சனும் ராடன்புஷும் 2004இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, ஒரு பகுதி சீர்கெட்டது என்று மக்கள் கருதுவதில், கண்ணெதிரே உள்ள சீர்கேட்டைவிட அங்கு வாழ்வோரின் இனமும் வறுமையுமே மிகுந்த பங்கு வகித்தன. காவல்துறைப் பதிவுகளைக் கொண்டு கணினிக்குக் கற்பித்தாலும் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. ரோந்தும் புகார்ப் பதிவும் மிகுந்த இடமே குற்றம் மிகுந்த இடமாகத் தெரியும்.

சிவப்புக் கோடு

இத்தகைய மதிப்பெண் கடன் வழங்கலில் நுழைந்தால் என்ன நேரும் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உள்ளது. 1930களில் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று, 200க்கும் மேற்பட்ட நகரங்களின் பகுதிகளை நான்கு தரங்களாகப் பிரித்து, கடைசித் தரத்துக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் பெரும்பாலானவை சிவப்பில் அடங்கின. அத்தகைய பகுதிகளில் வீட்டுக்கடன் கிடைப்பது அரிதாயிற்று. கடன் இல்லாததால் வீடுகள் பழுதடைந்தன. பழுதடைந்ததால் மீண்டும் கடன் மறுக்கப்பட்டது. இப்பாகுபாட்டை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது.

நல்ல பயன்

அதே தொழில்நுட்பம் நன்மைக்கும் உதவுகிறது. 2013இல் தொடங்கப்பட்ட 'சேஃப்டிபின்' என்ற அமைப்பு, கார்களில் பொருத்திய கைப்பேசிகள் வாயிலாக தில்லித் தெருக்களை இரவில் படம்பிடித்து, வெளிச்சமும் நடைபாதையும் எவ்வாறு உள்ளன என்று மதிப்பிட்டது. இருண்ட இடங்களின் விவரம் அரசுக்கு அளிக்கப்பட்டு, விளக்குகள் அமைக்க உதவியது. இங்கு மதிப்பிடப்பட்டது தெருவே. அங்கு வாழும் மனிதர் அல்லர்.

கணினி தரும் மதிப்பெண் எதுவாயினும், காரணம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அதற்கான முக்கியக் காரணங்களை வங்கி எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கடன் தொகை சிறிதாயினும் பெரிதாயினும் இது பொருந்தும். அக்கடிதத்தைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.