உங்களுக்குத் தெரியுமா? சுருக்க ஊசி போட்ட பிறகு வரும் அந்த 4 மணி நேரம்!

முகச் சுருக்கத்தைப் போக்கும் இந்த போடாக்ஸ் ஊசி அழகு நிலையத்தில் பிறக்கவே இல்லை. பிறந்தது கண் மருத்துவரிடம்! மாறுகண்ணைச் சரிசெய்ய சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட் இந்த மருந்தைக் கையில் எடுத்தார். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1989-ல். புருவ மத்திச் சுருக்கத்துக்கு அனுமதி வந்ததோ 2002-ல்தான்!

இமை தானாக இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கு இன்றும் கண் மருத்துவர்கள் போடுவது இதே ஊசிதான்.

ஒரு கிராமை 100 கோடிப் பங்காகப் பிரியுங்கள். அதில் ஒரே ஒரு பங்கை எடுங்கள். 100 யூனிட் போடாக்ஸ் குப்பியில் இருக்கும் நச்சுப்புரதம் அதைவிடவும் குறைவு!

புருவ மத்திக்கு 5 சின்னக் குத்து. மொத்தம் 20 யூனிட். சில நிமிடத்தில் மருத்துவர் வேலை முடிந்தது. அடுத்த 4 மணி நேரம் உங்கள் வேலை!

ஆனால் ஊசிக்கு முன்பே ஒன்றைக் கவனியுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். சித்திரையில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். குப்பி ஃப்ரிட்ஜிலிருந்துதான் வந்ததா என்று தைரியமாகக் கேளுங்கள்!

ஓய்வு என்றால் படுக்கை என்று நினைத்தீர்களா? இங்கே நேர் எதிர்! ஊசி போட்ட 4 மணி நேரத்துக்குத் தலை நிமிர்ந்தே இருக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். கறிசோற்றுக்குப் பிறகு வரும் மதியத் தூக்கத்துக்கு அன்று விடுமுறை!

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறீர்களா? அன்று நின்றபடியே கும்பிடுங்கள். நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டாம். வயலில் குனிந்து நாற்று நடவும் வேண்டாம். சிரசாசனம் கூடவே கூடாது!

குங்குமம் எங்கே வைப்பீர்கள்? புருவ மத்தியில். ஊசி எங்கே இறங்குகிறது? அதே புருவ மத்தியில்! அழுத்தித் தேய்த்தால் மருந்து பக்கத்துத் தசைக்கு நகரலாம். அன்று ஒரு நாள் நெற்றியில் விரல் வைக்காதீர்கள்!

இறுக்கமான ஹெல்மெட்டும் நெற்றியை அழுத்தும். அதற்காக ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டாதீர்கள். ஷேர் ஆட்டோ பிடியுங்கள்!

சலூன் ஹெட் மசாஜ், எண்ணெய்க் குளியல், ஆவி பிடிப்பது, ஜிம், மது... ஐந்துக்கும் 24 மணி நேரத் தடை! ஃபேஷியலை எப்போது தொடரலாம் என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முகத்தைத் தொடக் கூடாது. ஆனால் சுளிக்கலாம்! அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2018-ல் சொன்னது இது: ஊசி போட்டதும் 4 மணி நேரம் முகத் தசைக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்குப் பலன் ஏறக்குறைய 1 நாள் முன்னதாகவே தெரிந்தது!

குத்திய இடம் கன்றிப்போனால் துணியில் சுற்றிய ஐஸை மெல்ல வையுங்கள், அழுத்தாதீர்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவரா? ஊசிக்காக அதை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள்!

மறுநாள் கண்ணாடியில் ஒரு மாற்றமும் தெரியாது. பதறாதீர்கள்! 3, 4 நாளில் ஆரம்பிக்கும். முழுப் பலன் 14 நாளில்! கல்யாண ஆல்பத்தில் பளிச்சென்று தெரிய வேண்டுமா? முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் போட்டால் ஒரு பயனும் இல்லை!

புருவ மத்தி ஊசியின் சோதனைகளில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இமை தொங்கியது. ஒரு கண் சிறுத்துத் தெரிந்தால் நீங்களாகத் தேய்த்து விடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும்!

இந்த மருந்தைச் சுரக்கும் கிருமி எப்படிப் பிடிபட்டது தெரியுமா? 1895-ல் பெல்ஜியத்தில், ஓர் இழவு வீட்டுக்கு வாசிக்க வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் கெட்டுப்போன பன்றி இறைச்சியைச் சாப்பிட்டார்கள். 3 பேர் உயிரே போனது! மிச்ச இறைச்சியிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தவர் எமில் வான் எர்மெங்கம்.

போலி ஊசி இன்றும் ஆளைச் சாய்க்கும்! 2024-ல் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 11 பேர்! மலிவு விலை விளம்பரத்தை நம்பி, மருத்துவர் அல்லாதவரிடம் நெற்றியைக் கொடுக்காதீர்கள்.

விழுங்க முடியவில்லையா? பேச்சு குழறுகிறதா? மூச்சு திணறுகிறதா? ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். இந்த அறிகுறிகள் சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம்! ஆம்புலன்ஸுக்கு எண் 108!

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பொதுவாக இதைத் தள்ளிப்போடுவதே நல்லது. தசைச் சோர்வு நோய் உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் ஆபத்து!

அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டாலும் இந்தப் பொலிவின் ஆயுள் 3 முதல் 4 மாதம்தான்! அடுத்த ஊசிக்கும் குறைந்தது 3 மாத இடைவெளி வேண்டும். அவசரப்பட்டு அடிக்கடி போட்டால் உடம்பே மருந்துக்கு எதிராக ஆயுதம் தயாரித்துவிடலாம். தைப் பொங்கலுக்குப் போட்டவர் அடுத்ததைப் பற்றி யோசிக்கவே சித்திரை பிறக்க வேண்டும்!